கள்ளப் பிரதியும் நமது மனச்சான்றும்

2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சோனி லிவ் தளத்தில் வெளியான 'தமிழ் ராக்கர்ஸ்' என்னும் எட்டுப் பகுதித் தொடரை நம் வாசகர் வட்டம் அண்மையில் திறனாய்வுக்கு எடுத்துக்கொண்டது. ஏ.வி.எம். நிறுவனம் தயாரிக்க, அறிவழகன் இயக்க, அருண் விஜய் தலைமைப் பாத்திரம் ஏற்ற தொடர் அது. உரையாடல் தொடங்குமுன் நம்முள் ஒருவர் எளிய வினா ஒன்றை எழுப்பினார்: "இதை எப்படிப் பார்த்தீர்கள்?" சந்தா செலுத்திப் பார்த்தவர்கள் மூவரே. ஏனையோர் கைப்பேசிக் குழு ஒன்றில் வலம் வந்த பிரதியைப் பார்த்திருந்தோம். திருட்டைப் பற்றிய தொடரைத் திருட்டுப் பிரதியில் பார்த்துவிட்டு அதன் நிறைகுறைகளை எடைபோட அமர்ந்திருந்தோம். சிரிப்பு எழுந்தது, எழுந்த வேகத்திலேயே அடங்கியும் போயிற்று.

தொடரின் கதை நாம் நன்கறிந்த உலகைச் சார்ந்தது. பெரும் பொருட்செலவில் உருவான நட்சத்திரப் படமொன்றைத் திரையரங்குக்கு வருமுன்னரே இணையத்தில் வெளியிடப்போவதாக ஒரு கும்பல் மிரட்டுகிறது. அக்கும்பலைத் தேடிப் புறப்படுகிறார் காவல்துறை அதிகாரி ருத்ரா. வட்டிக்குக் கடன் வாங்கிப் படமெடுப்பவரின் பதற்றத்தையும், நட்சத்திரத்தைச் சுற்றிச் சுழலும் வணிகத்தையும் தொடர் அக்கறையோடு காட்டுகிறது. ஆனால் கதை முன்னேற முன்னேற, அதிகாரியின் சொந்தத் துயரமும் துரத்தலுமே முதன்மை பெறுகின்றன. திருடனுக்கு முகம் உண்டு. தயாரிப்பாளருக்கும் முகம் உண்டு. அத்திருட்டுப் பொருளுக்காகக் காத்திருக்கும் பார்வையாளனோ கூட்டமாகவே வந்து போகிறான். தன் அறையில் தனியே அமர்ந்து கைப்பேசியைத் தொடும் அவன் உள்ளத்தினுள் தொடர் நுழையவில்லை. இதுவே அதன் பெருங்குறை என்பது நமது துணிபு.

திரையரங்கில் ஒளிப்பதிவுக் கருவியை மறைத்துவைத்துப் படமெடுத்த காலம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் திரையரங்கொன்றில் 'ராயன்' படத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டிருந்த ஒருவர் பிடிபட்டார். படம் ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாயே அவருக்குக் கிடைத்து வந்ததாகச் செய்தி வெளியாயிற்று. இணையத் தளங்களில் நேரடியாக வெளியாகும் படங்களுக்கோ திரையரங்கும் தேவையில்லை. பூட்டப்பட்டு வரும் காட்சி, பார்ப்பவரின் கருவியில் திறக்கப்பட்டே ஆகவேண்டும். திறந்த அவ்விடத்தில் ஒருவர் படியெடுத்துவிட்டால் போதும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020இல் நேரடியாக இணையத்துக்கு வந்த 'பொன்மகள் வந்தாள்', 'சூரரைப் போற்று' ஆகிய படங்களும் கள்ளப் பிரதிகளுக்குத் தப்பவில்லை.

சட்டம் இருக்கிறது. 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டம், உரிமையின்றிப் பதிவு செய்வோருக்கும் பரப்புவோருக்கும் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 இலட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கிறது. கணக்காய்வு செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை அத்தண்டம் உயரலாம். ஆயினும் சட்டத்தின் கை பிடிப்பது பெரும்பாலும் எடுப்பவனையும் பரப்புபவனையுமே. பார்ப்பவனைத் தேடி எவரும் கதவைத் தட்டப்போவதில்லை. ஆகவே நம்மை நாமே விசாரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அன்று நம் வட்டத்தில் எழுந்த சமாதானங்கள் பல. கோடிகளில் ஊதியம் பெறும் நடிகருக்கு நம் நூறு ரூபாயால் என்ன குறைந்துவிடும் என்றார் ஒருவர். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிச் சந்தா கட்ட எளிய குடும்பத்தால் இயலுமா என்றார் மற்றொருவர். இரண்டாவது வினாவில் நியாயம் உண்டு. கள்ளப் பிரதி ஒவ்வொன்றும் ஒரு சீட்டின் இழப்பு என்று கணக்கிடுவதும் மிகையே. ஆனால் நட்சத்திரத்தின் ஊதியம் படம் வெளியாகுமுன்னரே பேசி முடிக்கப்பட்டுவிடுகிறது. விளக்குப் பிடித்தவரும் ஒப்பனை செய்தவரும் அன்றைய படியை அன்றே பெற்றிருப்பர். இழப்பு விழுவது, கடன் மீளாத சிறு தயாரிப்பாளரின் எடுக்கப்படாமற்போகும் அடுத்த படத்தின்மீது. அப்படத்தில் வேலை கிடைத்திருக்கவேண்டிய தொழிலாளர்மீது. நாம் குறிவைப்பதாகச் சொல்லிக்கொள்ளும் செல்வரைவிட நாம் கண்டறியாத எளியவரையே அது மிகுதியாகத் தாக்குகிறது. பசித்தவன் எடுத்த அப்பத்தை அறநூலார் வேறு கண்கொண்டு பார்த்தனர். திரைப்படம் அப்பமன்று, ஒரு மாதம் காத்திருந்தால் எவரும் மெலிந்துவிடுவதில்லை.

இலவசமும் உண்மையில் இலவசமன்று. அத்தளங்களை நடத்தச் செலவாகும் பணம் சூதாட்ட விளம்பரங்களிலிருந்தும் அவற்றினும் கீழானவற்றிலிருந்தும் வருகிறது. படத்தைக் காண இச்செயலியைப் பதிவிறக்குக என்று கேட்கும். பதிவிறக்கினால் குறுஞ்செய்திகளைப் படிக்க இசைவு கேட்கும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணும் அக்குறுஞ்செய்திகளில்தானே இருக்கிறது! வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் அதே கைப்பேசிதான் இருக்கிறது என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

புனித அகுஸ்தினார் தம் பதினாறாம் வயதில் தோழர்களுடன் நள்ளிரவில் பேரிக்காய்களைத் திருடியதைத் தம் தன்வரலாற்றில் நெடிது ஆராய்கிறார். பசி காரணமன்று, அவற்றினும் நல்ல காய்கள் அவரிடமே இருந்தன. பறித்தவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். தனியாக இருந்திருந்தால் அதைச் செய்திருக்கமாட்டேன் என்பதே அவர் கண்ட உண்மை. நமது கைப்பேசிக் குழுவும் அத்தகைய தோழமையே. அனுப்பியவர் நண்பர், பெற்றவர்கள் நண்பர்கள், ஆகவே அது திருட்டாகத் தோன்றவில்லை, அன்பளிப்பாகத் தோன்றிற்று. எட்டுப் பகுதிகளில் 'தமிழ் ராக்கர்ஸ்' தொடாத இடம் இதுவே.

அன்று திறனாய்வை ஒத்திவைத்தோம். ஒரு மாதச் சந்தாவை அவரவர் செலுத்தி, தொடரை மீண்டும் முறையாகப் பார்த்தபின் கூடினோம். ஒருவர் மட்டும் வரவில்லை. அவரை எவரும் குறைகூறவுமில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாம் கூட்டத்தின் பயன். குழுவில் வந்த அப்பழைய பிரதியைச் சிலர் அழித்துவிட்டோம். இன்னும் சிலர் அழிக்கவில்லை.