இணைப்பு தெரியாத சுவர்

ஜிப்சம் போர்டின் காகிதத்தில் கத்தியால் ஒரு கீறல். பின்னாலிருந்து ஒரு தட்டு. 'டக்'கென்று நேர்கோட்டில் முறிகிற அந்தச் சத்தம் எனக்கு அத்தனை பிடிக்கும். பலகையை மாட்டும் முன், சுவர்ச் சட்டங்களுக்கிடையே கண்ணாடிப் பஞ்சை அமுக்காமல் பொருத்துகிறார்கள். வெப்பத்தைத் தடுப்பது அதற்குள் சிக்கிய காற்றுதான். நசுக்கினால் அது போய்விடும். பிறகு பலகையைச் சட்டத்தோடு பிணைக்கும் திருகாணியின் தலை, காகிதத்தைக் கிழிக்காமல் மயிரிழை அளவே உள்ளே அமர வேண்டும்.

அதன்பின் பட்டி பார்க்கும் அழகு! இணைப்பின்மேல் கெட்டித் தயிர்ப் பதத்தில் பட்டி, அதில் பதித்த காகித நாடா, அதன்மேல் மீண்டும் பட்டி. மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக, மெலிதாக. இடையிடையே காயும்வரை காத்திருப்பு. உப்புத்தாள் சரசரவென உரச, வெண்தூள் உதிரும். விளக்கைச் சுவரோரம் சாய்த்துப் பிடித்து, நிழல் காட்டிக்கொடுக்கும் மேட்டை விரல்நுனியால் தேடுகிறார் கைதேர்ந்தவர். விலை குறைந்த பலகையை நல்ல சுவராக்குவது இந்தப் பொறுமைதான்.