இரங்கற்பாவும் கணக்கேடும்

படைவீரனைப் பாடாத மொழி உலகில் இல்லை. அரபுப் புலவர்கள் அவன் வாழுங்கால் ‘மத்ஹ்’ பாடினர். அவன் மாண்டபின் ‘ரிஸா’ பாடினர். தமிழில் பாடாண் உண்டு, கையறுநிலை உண்டு. தமிழ் முஸ்லிம் புலவர்கள் ‘படைப்போர்’ என்னும் பெயரிலேயே ஒரு சிற்றிலக்கிய வகையை வளர்த்தனர். ஆயினும் வீரனைப் பாடுவது ஒன்று; அவனைக் களத்திற்கு அனுப்பியவர்களிடம் கணக்குக் கேட்பது மற்றொன்று. அவனுக்கு உணவு போய்ச் சேர்ந்ததா? காயத்திற்கு மருந்து கிடைத்ததா? அவன் தங்கிய பாசறையில் நல்ல நீர் இருந்ததா? மாண்டபின் அவன் பெயர் எங்கேனும் எழுதப்பட்டதா? இவ்வினாக்கள் பாட்டில் இடம்பெறுவது மிக அரிது.

இவற்றைக் கேட்க முயன்ற ஆங்கிலக் கவிஞர் ருட்யார்ட் கிப்ளிங் (1865–1936). பம்பாயில் பிறந்து, லாகூரில் பத்திரிகைப் பணி செய்து, பேரரசின் பாணராகவே வாழ்ந்தவர் அவர். அவருடைய அரசியல் நமக்கு உவப்பானதன்று. எனினும் படைவீரனின் நலம் குறித்து அவர் பாடிய மூன்று கவிதைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், இரக்கத்திலிருந்து கணக்கிற்கு ஒரு கவிஞன் நடந்த வழி தெரிகிறது. அவன் எந்த இடத்தில் நின்றுவிட்டான் என்பதும் தெரிகிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டென்னிசன் நீக்கிய தொடர்

கிப்ளிங்கிற்கு முன் டென்னிசனைப் பார்த்தல் வேண்டும். 1854 அக்டோபர் 25ஆம் நாள், கிரிமியாவில் பாலக்லாவா என்னுமிடத்தில், ஏறத்தாழ 670 குதிரை வீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி நேராக ஏவப்பட்டனர். ராக்லன் பிரபுவின் ஆணை தெளிவின்றி எழுதப்பட்டிருந்தது. அதைக் கொண்டுசென்ற காப்டன் நோலன் தாக்குதலின் தொடக்கத்திலேயே மாண்டார். ஆணையைப் பெற்ற லூக்கன் பிரபு பின்னர்த் தாயகத்திற்குத் திருப்பி அழைக்கப்பட்டார். தம்மை இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்குமாறு அவரே கோரியும் அரசு இணங்கவில்லை. ஏறத்தாழ 110 பேர் உயிர் நீத்த ஒரு பிழைக்கு எவரும் நீதிமன்றத்தின் முன் நிற்கவில்லை.

அவ்வாண்டு டிசம்பரில் அரசவைக் கவிஞரான டென்னிசனின் கவிதை வெளிவந்தது. குதிரைக் குளம்பொலியைச் செவியில் எழுப்பும் ஓசை; கேட்டவர் மறவாத நடை. அதில் ஆணையிட்டவர் பக்கம் பிழை நேர்ந்தது என்று சுட்டும் ஒரு சிறு தொடர் உண்டு. 1855இல் தம் தொகுப்பில் சேர்த்தபோது டென்னிசன் அத்தொடரை நீக்கிவிட்டார். பின்னர்க் கிரிமியாவிலிருந்த வீரர்கள் அக்கவிதையை விரும்புகின்றனர் என்று அறிந்து ஆயிரம் படிகள் அச்சிட்டு அனுப்பியபோது, நீக்கியதை மீண்டும் சேர்த்தார்.

இந்நிகழ்ச்சி திறனாய்வாளர்க்குப் பெரும் பாடம். மாளிகைகளில் படிக்கப்படும் நூலில் குற்றச்சாட்டு உறுத்தியது. களத்தில் நின்றவர்க்கோ அது இல்லாமல் கவிதையே நிறைவுறவில்லை. ஆயினும் மீண்டு வந்த அத்தொடரும் பிழைத்தவர் யாவர் என்று கூறவில்லை. பிழை எங்கோ வானத்திலிருந்து விழுந்தது போல நிற்கிறது. வீரரின் கீழ்ப்படிதலே பாட்டின் பொருளாகிவிடுகிறது. கீழ்ப்படிதலை எவ்வளவு மிகுதியாகப் புகழ்கிறோமோ, அவ்வளவு எளிதாக ஆணையிட்டவர் மறைந்துவிடுகிறார்.

அதே போரில் கணக்கேட்டைக் கையிலெடுத்தவர் ஒருவர் இருந்தார். உஸ்குதாரில் உதுமானியர் ஆங்கிலேயர்க்கு ஒப்படைத்த சலீமிய்யா பாசறை மருத்துவமனையாயிற்று. அங்கு 1854 நவம்பரில் வந்தவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல். 1855 பிப்ரவரியில் அங்குச் சேர்க்கப்பட்டோரில் நூற்றுக்கு 42.7 பேர் மாண்டனர். மார்ச்சு மாதத்தில் சுகாதார ஆணையர் வந்து கட்டடத்தின் அடியிலிருந்த சாக்கடைகளைத் துப்புரவாக்கினர். காற்றோட்டமும் நீரும் சீர்பெற்றன. ஜூன் மாதத்தில் அவ்விகிதம் 2.2 ஆகக் குறைந்தது. வீரரைக் கொன்றவற்றுள் பீரங்கியைவிடப் பாசறையின் சாக்கடை பெரிது என்பதை 1858இல் அச்சான தம் நூலில் வண்ண வரைபடங்களால் அவர் காட்டினார். இந்தியப் பாளையங்கள் பற்றி 1859இல் அமைந்து 1863இல் அறிக்கை தந்த அரச ஆணையத்திற்கும், வங்காளம், சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களின் பாளையங்களிலிருந்து வந்த விவரங்களை ஆராய்ந்து எழுதினார். ஆங்கிலப் படையினரில் ஆண்டுதோறும் ஆயிரத்திற்கு 69 பேர் மாண்டுகொண்டிருந்தனர் என்பது அவ்வாணையம் வெளிப்படுத்திய உண்மை. டென்னிசனின் பாட்டு அழச் செய்தது. நைட்டிங்கேலின் எண்கள் அரசைப் பதில் சொல்லச் செய்தன.

உண்டியல் ஏந்திய கவிதை

1890இல் கிப்ளிங், பாலக்லாவா வீரரில் எஞ்சியோரைக் குறித்து ஒரு கவிதை எழுதினார். வறுமையுற்ற முதிய வீரர் இருபதின்மர், தம்மைப் பாடிய முதிய கவிஞரையே நாடிச் செல்கின்றனர். தம் புகழைப் பாடியவர் தம் பசியையும் பாட வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள். இஃது உண்மையில் நடந்த சந்திப்பன்று, கவிஞரின் கற்பனை. தமிழ் கற்றார்க்கு இதன் அமைப்பு வியப்பளிக்கும். ஆற்றுப்படையில் வறிய பாணன் கொடையாளியான மன்னனை நோக்கிச் செல்வான். இங்கோ மன்னனுக்காகப் போரிட்டவன் வறியனாகிப் பாணனிடம் வருகிறான். மன்னன் இருக்குமிடம் வெறுமையாக இருக்கிறது. அவ்வெறுமையே கவிதையின் வலிமை.

ஆனால் அவ்வெறுமையைக் கவிஞர் நிரப்பவில்லை என்பதே அதன் குறையும் ஆகும். அவர் சினம் நாட்டு மக்கள்மேல் பாய்கிறது. விழாக் கொண்டாடுவோர் ஈயவில்லையே என்று இடித்துரைக்கிறார். படைவீரனுக்கு முதுமை ஊதியம் தருவது கருவூலத்தின் கடமையா, வழிப்போக்கரின் ஈகையா என்ற கேள்வி அங்கு எழவில்லை. அவ்வாண்டில் அவ்வீரர்க்காக நிதி திரட்டப்பட்டபோது, நைட்டிங்கேல் அம்மையாரும் தம் குரலை ஒலிப்பதிவு உருளையில் பதிந்து உதவினார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அரசிடம் கணக்குக் கேட்டவரும் இறுதியில் உண்டியலுக்கே குரல் கொடுக்க நேர்ந்தது.

1899இல் தென்னாப்பிரிக்கப் போர் தொடங்கியதும் கிப்ளிங் இரண்டாவது கவிதையைத் தந்தார். களம் சென்ற வீரனின் மனைவி மக்களுக்குக் காசு கொடுங்கள் என்று கேட்கும் பாட்டு அது. இசையமைத்து மேடைதோறும் பாடினர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பவுன் சேர்ந்தது. ஒரு பாட்டு இத்தனை குடும்பங்களின் அடுப்பை எரியச் செய்தது என்றால் அதனை இகழ்தல் தகாது. எனினும் இலக்கியத் தராசில் வைக்கும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஈகையைக் கேட்கும் பாட்டு, உரிமையைக் கேட்கும் பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. குடும்பத்தலைவனைக் கூலி பேசி அழைத்துச் சென்ற அரசு, அவன் குடும்பத்தைப் பாடகரின் தட்டில் விட்டுச் சென்றது. பாட்டு அதைக் குற்றமாகக் காணவில்லை, இயல்பாகவே கொண்டது.

தஜ்லா நதிக்கரையில்

மூன்றாவது கவிதை வேறு வகை. 1917 ஜூலையில் வெளிவந்த அதன் பெயர் ‘மெசபொட்டேமியா’. அது பிறந்த சூழலை அறியாமல் அதன் சுவை விளங்காது.

1914இன் இறுதியில் இந்திய அரசு அனுப்பிய படை பஸ்ராவைக் கைக்கொண்டு தஜ்லா நதி வழியே மேலேறிற்று. 1915 நவம்பரில், ஸல்மான் பாரிஸி (ரலி) அவர்கள் அடங்கியுள்ள மதாயின் அருகே, தக் கிஸ்ரா என்னும் பழைய வளைவின் நிழலில் பெரும் போர் நடந்தது. நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் வீழ்ந்தும் புண்பட்டும் போயினர். அவர்களை ஏற்ற மருத்துவக் கலங்கள் இல்லை, கட்டுத்துணி இல்லை, மருத்துவர் போதவில்லை. புண்பட்டோர் வில்லற்ற வண்டிகளில் ஆற்றங்கரைக்கு இழுத்துவரப்பட்டு, படகுகளில் நெருக்கி அடைக்கப்பட்டுப் பல நாள் பயணத்தில் பஸ்ரா சேர்ந்தனர். மஜீதிய்யா என்ற கலம் கரையை அணுகியபோது அதன் பக்கங்களில் கயிறுகள் தொங்குவதாகக் கண்ட மருத்துவ அதிகாரி கார்ட்டர், நெருங்கியபின் அவை உறைந்த மலம் என்று உணர்ந்தார். எழுந்து செல்ல இயலாத வீரர் கிடந்த இடத்திலேயே கிடந்ததன் விளைவு அது. மேலிடத்திற்குப் போன தந்தியோ, புண்பட்டோர் நன்னிலையில் உள்ளனர் என்றும் மருத்துவ ஏற்பாடு சிறப்பாக நடந்தது என்றும் கூறிற்று. உண்மையை எழுதிய கார்ட்டர் மேலதிகாரிகளால் மிரட்டப்பட்டார்.

பின்வாங்கிய படை கூத் நகரில் 147 நாட்கள் முற்றுகையில் கிடந்து 1916 ஏப்ரல் 29இல் சரணடைந்தது. ஏறத்தாழ 13,000 பேர். அவர்களுள் பெரும்பான்மையோர் இந்தியர். சரணடைந்தோரில் ஆயிரக்கணக்கானோர் பாலைவழி நடையிலும் சிறையிலும் மடிந்தனர். அப்பழி உதுமானிய அதிகாரிகளைச் சாரும்; அதனை மறைத்தல் நேர்மையன்று.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1916இல் ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது. 1917 ஜூனில் வெளிவந்த அறிக்கை, இந்திய அரசையும் படைத் தலைமையையும் பெயர் சுட்டிக் கண்டித்தது. இந்தியா மந்திரி ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலகினார். போர்த் தொடக்கத்தில் வைசிராயாக இருந்த ஹார்டிஞ்ச் விலக முன்வந்தும், வெளியுறவுத்துறையில் அவர் வகித்த பதவி நீடித்தது.

இந்நிலையில்தான் கிப்ளிங்கின் கவிதை வந்தது. அதில் உண்டியல் இல்லை. வீரரைச் சாகவிட்டவர்கள் முதுமையும் மதிப்பும் எய்தி வாழ்வார்களா, கொந்தளிப்பு அடங்கியதும் நண்பர் துணையால் மீண்டும் பதவியில் அமர்வார்களா என்று அது கேட்கிறது. அரபியர் ‘ஹிஜா’ என்றும் தொல்காப்பியர் செம்பொருள் அங்கதம் என்றும் வகுத்த இடத்தில் வைக்கத்தக்க கவிதை அது. இரங்கற்பாவாகத் தொடங்கி வசைப்பாவாக மாறும் அதன் நடையில் கண்ணீரைவிடக் கணக்கே மிகுதி. தம் பதினெட்டு வயது மகனை 1915இல் லூஸ் போர்க்களத்தில் இழந்த தந்தையின் குரல் அது என்பதையும் மறத்தல் கூடாது. முதல் இரு கவிதைகளில் வெறுமையாக இருந்த ஆட்சியாளரின் இருக்கையை இங்கே கவிஞர் விரலால் சுட்டிவிட்டார். மூன்றனுள் இதுவே தலைசிறந்தது என்பது என் துணிபு.

பெயரும் எண்ணும்

ஆயினும் ஒரு குறை இக்கவிதையை நிழல்போலத் தொடர்கிறது. அதில் ‘நம்மவர்’ என்று இரங்கப்படுவோர் யாவர்? ஆங்கிலத் தாய்மாரின் இளமைந்தர்களே கவிதையின் கண்முன் நிற்கின்றனர். அதே படகில் அதே அழுக்கில் கிடந்த பஞ்சாபியும் பட்டாணியரும் மராட்டியரும் அங்கு இல்லை. 1919இல் ஜாலியன்வாலாபாக்கில் சுட ஆணையிட்ட டயருக்காகத் திரட்டிய நிதிக்கு இதே கிப்ளிங் பணம் கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால், அவர் கேட்ட கணக்கின் எல்லை விளங்கும். தம் இனத்தார்க்கு இழைத்த தவறே அவர் பார்வையில் தவறு.

இது கவிதையோடு நின்றுவிடவில்லை. 1917 முதல் பேரரசின் போர்க் கல்லறை ஆணையத்தில் இலக்கிய ஆலோசகராக இருந்தவர் கிப்ளிங். மாண்டோரின் பெயர் நிலைபெறும் என்னும் கருத்துடைய விவிலியத் தொடரை நினைவுக் கற்களுக்குத் தேர்ந்தவர் அவரே. பிரான்சில் நியூவ் ஷாப்பேலில் எழுந்த இந்திய நினைவகத்தில் 4,700க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஆனால் 1929இல் பஸ்ராவில் திறக்கப்பட்ட நினைவகத்தில், 40,500க்கு மேற்பட்டோர் நினைவுகூரப்படும் அவ்விடத்தில், ஆங்கிலேயர் அனைவர்க்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு; இந்தியச் சிப்பாய்க்கு எண் மட்டுமே உண்டு. இன்ன பட்டாளம், இத்தனை பேர் என்பதோடு கல் முடிந்துவிடுகிறது. இம்முடிவைக் கிப்ளிங் செய்தார் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பெயர் நிலைக்கும் என்ற சொல்லைத் தந்தவர், பெயரே இல்லாத கல்லைக் கேள்வி கேட்கவில்லை.

பஸ்ரா என்னும் பெயரைப் படிக்கும்போது வரலாறு கற்றவர் நெஞ்சில் மற்றொன்று தோன்றாமல் இராது. அந்நகரமே ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் காலத்தில் படைக் குடியிருப்பாகத் தோன்றியது. வீரரின் பெயர்களைக் குலவாரியாக எழுதி அவர்க்குரிய ‘அதா’ என்னும் உதவித்தொகையைக் குறித்த ‘தீவான்’ அக்காலத்தில் ஏற்பட்டது. ஹிஜ்ரி 15 என்பாரும் 20 என்பாரும் உளர். பால்குடி மறந்த பிள்ளைக்கே தொகை என்றிருந்த விதியால் தாய்மார் முன்னதாகவே பால் நிறுத்துகின்றனர் என்று அறிந்ததும், பிறந்த நாள் முதலே தொகை என்று கலீபா அவர்கள் மாற்றியதை வரலாற்று நூல்கள் கூறும். அவ்வேடும் குறையற்றதாக நீடிக்கவில்லை. உமய்யாக்கள் காலத்தில் குராசானில் அரபியரல்லாத மவாலிகள் ஊதியமின்றிப் போரிடுகின்றனர் என்ற முறையீடு உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் வந்தது. ஏட்டில் யார் பெயர் விடுபட்டது என்று பார்ப்பதே எக்காலத்தும் நீதியின் முதற்படி.

கிப்ளிங் கேளாத கேள்விக்கு நெடுங்காலம் கழித்து விடை வந்தது. 2021 ஏப்ரலில் அப்போர்க் கல்லறை ஆணையத்தின் சிறப்புக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. முதலாம் உலகப்போரில் மாண்ட இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ நினைவுச் சின்னமே இன்றியோ விடப்பட்டனர் என்றும் அது கண்டது. பிரிட்டிஷ் பாதுகாப்பு மந்திரி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பஸ்ரா நினைவகமோ 1997இல் இராக் அரசின் ஆணையால் பழைய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, நாசிரிய்யா செல்லும் சாலையில் 32 கிலோமீட்டர் அப்பால், 1991இல் போர் நடந்த நிலத்தில் நிற்கிறது.

ஆகவே கிப்ளிங்கின் மூன்று கவிதைகளையும் நாம் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். முதல் இரண்டும் நல்ல மனத்தின் பாடல்கள். ஆனால் ஆளும் கூட்டத்தைத் தப்பவிடுபவை. மூன்றாவது ஆட்சியாளரை வழிமறித்து நிறுத்துகிறது. ஆனால் மாண்டவரில் பாதிப்பேரை எண்ண மறந்தது. படைவீரனைப் பற்றிய பாட்டோ உரைநடையோ இனி நம் கைக்கு வரும்போது, அதன் ஓசைக்கு மயங்குமுன் இரண்டு வினாக்களை அதனிடம் கேட்போம்: ஆணையிட்டவர் யார் என்று இது சொல்கிறதா? மாண்டவர் அனைவர் பெயரும் இதன் ஏட்டில் உண்டா?