ஒரு டீ, நாலு கூடை

மூங்கில் கூடையின் மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. அது அடங்கியபின் எட்டிப் பார்க்கிறேன், பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டைக்குக் கண்ணாடிச் சட்டை மாட்டி உட்கார வைத்ததுபோல் நாலு! தில்லி கான் மார்க்கெட்டில் ஒரு மாடிக் கடை, வெளியே ஜனவரிக் குளிர். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

பெயர் ஹார் காவ். உள்ளே இறால். பசைச்சத்து நீக்கிய கோதுமை மாவைக் கொதிக்கும் தண்ணீர் விட்டுக் கிளறித்தான் சொப்பு செய்கிறார்கள். அம்மா அரிசிமாவு கிளறுகிற அதே கைப்பக்குவம்! இறாலின் நிறம் வெளியே தெரியணும், குச்சியால் தூக்கினால் கிழியக்கூடாது. மடிப்பு ஏழாவது இருக்கணும், பத்தைத் தாண்டினால் கைகாரர் என்பார்கள். எண்ணிப் பார்த்தேன். ஒன்பது! வாயில் போட்டால் சொப்பு வழுக்கிக்கொண்டு போக, இறால் நறுக்கென்று... அடடா!

திம் சம் என்பது ஒரு பலகாரத்தின் பெயர் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். ஹார் காவ் பிறந்த வம்சத்துக்கே அதுதான் பெயராம். காண்டனீஸ் மொழியில் 'திம்' என்றால் தொடுவது, 'சம்' என்றால் இதயம். மனசைத் தொட்டுவிட்டுப் போகிற அளவுக்குத்தான் தீனி. தென்சீனத்துக் குவாங்சோவின் தேநீர்க் கடைகளில் டீக்குத் துணையாக வைத்தவை பெருகிப் பெருகி டீயையே ஓரங்கட்டிவிட்டன. ஆனாலும் அங்கே சாப்பிடக் கூப்பிடும்போது 'யம் சா', அதாவது டீ குடிக்க என்றுதான் சொல்கிறார்கள். நாமும் "காபி குடிக்க வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு சொஜ்ஜி பஜ்ஜியை நீட்டுகிறவர்கள்தானே!

தில்லியில் பாதிப் பேருக்கு இதெல்லாம் மோமோ. மோமோ திபெத்தியருடையது. 1959இல் தலாய் லாமா இந்தியா வந்தபின் தொடர்ந்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் யமுனைக் கரையில் மஜ்னு கா டீலாவில் குடியேறினார்கள். அங்கே அலுமினிய அடுக்கில் வேகும் மோமோவையும் நான் விடுவதில்லை. தோல் தடிமன், சிவப்புச் சட்னியில் நெருப்பு. பசிக்கு அது, நாக்குக்கு இது. தந்தூரி மோமோவைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அம்மா வந்திருந்தபோது காளான் வைத்த கூடை ஒன்று சொன்னேன். "பூரணத்துல வெல்லமே இல்லையேடா" என்றவள், அடுத்த கூடையை நான் கேட்காமலே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

போனால் பகலில், நாலு பேராகப் போங்கள். கூடைக்கு மூன்றோ நாலோதான் இருக்கும். மல்லிகை டீயை மறந்துவிடாதீர்கள்.