நடைப்பிணங்களும் நம் அடுத்திருப்பவரும்

உயிரோடிருந்தும் உணர்வற்றுத் திரிபவரை 'நடைப்பிணம்' என்பது தமிழில் நெடுநாளைய வழக்கு. அச்சொல்லை ஏறக்குறைய அப்படியே திரையில் நடமாடவிட்ட படவகையொன்று மேலைநாட்டில் வளர்ந்து, இன்று தமிழிலும் தெலுங்கிலும் கிளைவிட்டிருக்கிறது. ஜாம்பிப் படங்கள் எனப்படும் இவை குருதியும் கோரமும் மலிந்தவை. குழந்தைகளோடு அமர்ந்து காணத் தகாதவை. இவற்றைப் பற்றி மறைமாவட்ட இதழொன்றில் எழுதுவானேன் என அன்பர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் உடலின் உயிர்ப்பை ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நாம், இறந்தோர் எழுவதையே பேரச்சமாகக் காட்டும் ஒரு கலையை ஆராயாமல் ஒதுக்கிவிடுவது முறையன்று. அந்த அச்சம் எதைப் பற்றியது என்று கேட்பது நம் கடமையே.

இப்படவகையின் இன்றைய வடிவத்துக்குக் கால்கோள் இட்டவர் ஜார்ஜ் ரொமேரோ. 1940-இல் நியூயார்க்கில் பிறந்து கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர், 2017-இல் மறைந்தவர். பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்தும், பிரெட் ரோஜர்ஸ் என்னும் போதகர் குழந்தைகளுக்கென நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குச் சிறு படங்கள் எடுத்தும் தொழில் பழகினார். அண்டை அயலாரிடம் அன்பு பாராட்டுவதே அந்நிகழ்ச்சியின் உயிர்நாடி. அங்கிருந்து புறப்பட்டவர்தாம், அந்த அண்டை அயலாரே நம்மைத் தின்ன வந்தால் நாம் யாராக மாறுவோம் என்று கேட்கும் படத்தை எடுத்தார். பெரும்பட நிறுவனங்களின் தயவை நாடாமல், நண்பர்கள் கூடிப் பணம் திரட்டி, ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் கறுப்பு வெள்ளையில் உருவாக்கிய 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' 1968 அக்டோபர் 1 அன்று பிட்ஸ்பர்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

படம் கல்லறைத் தோட்டத்தில் தொடங்குகிறது. தந்தையின் கல்லறைக்கு மலர்வளையம் வைக்க அண்ணனும் தங்கையும் வருகிறார்கள். அண்ணன் ஜானிக்கு இது வீண்வேலை. தங்கை பார்பராவுக்கோ கடமை. தொலைவில் தள்ளாடி வரும் ஒருவன் ஜானியைக் கொல்கிறான். தப்பி ஓடிய பார்பரா ஒரு பண்ணை வீட்டில் தஞ்சம் புக, அங்கே வெவ்வேறு மனிதர் எழுவர் ஒன்றுசேர்கின்றனர். கதவு சன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, மேல்தளத்தில் இருப்பதா நிலவறையில் ஒளிவதா என்று தமக்குள் சண்டையிடுகின்றனர். வெளியே நிற்கும் பிணங்கள் வென்றது உள்ளே இருந்தவர்களின் பிணக்கினால்தான். இறுதியில், செத்துப்போன ஜானியே கதவை உடைத்து வந்து தங்கையை இழுத்துச் செல்கிறான். நோயுற்ற சிறுமியொருத்தி இறந்து எழுந்து தன் பெற்றோரையே இரையாக்குகிறாள்.

இக்காட்சிகளின் கோரத்தை நாம் மறைக்கவில்லை. அமெரிக்காவில் வயதுவாரியான தணிக்கைத் தரப்பாடு நடைமுறைக்கு வந்தது 1968 நவம்பரில். படம் வெளிவந்ததோ அதற்கு ஒரு மாதம் முன்பு. எனவே சிறுவரும் பகற்காட்சியில் அமர்ந்து பார்த்து நடுங்க நேர்ந்தது. அக்காலத்துத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட், அழுது கொண்டிருந்த அக்குழந்தைகளைக் கண்டு வருந்தி எழுதினார். அவ்வருத்தத்தில் நாமும் பங்குகொள்கிறோம். ஆனால் வளர்ந்தவர்களுக்கு இப்படம் வைக்கும் கேள்வி வேறு. அந்தப் பிணங்களுக்கு முகம் இருக்கிறது. அவர்கள் வேற்றுலகத்து அரக்கர் அல்லர். ஒருவருக்கு அண்ணன், ஒருவருக்கு மகள். எதிரே வருவது பகையா உறவா எனத் தடுமாறும் அந்த ஒரு கணத்தில்தான் ரொமேரோவின் கலை இருக்கிறது.

முடிவு அதனினும் கொடியது. அவ்விரவைத் தாண்டி உயிரோடு எஞ்சுபவன் பென் என்னும் கறுப்பின இளைஞன் ஒருவனே. காலையில் பிணங்களைச் சுட்டு வீழ்த்திக்கொண்டே வரும் ஊர்க்காவல் கூட்டம், சன்னலோரம் நிற்கும் அவனை மனிதன் என்று எண்ணிப் பாராமல் சுட்டுவிடுகிறது. கொக்கிகளால் அவன் உடல் இழுக்கப்பட்டுப் பிணக்குவியலோடு எரிக்கப்படுவதை அசையாப் புகைப்படங்களாகக் காட்டிப் படம் முடிகிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டு அது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, நடிப்புத் தேர்வில் அவரே சிறந்து நின்றார் என்று ரொமேரோ பின்னர் சொல்லிவந்தார். ஆயினும் அவ்வாண்டின் அமெரிக்கா அந்தப் புகைப்படங்களில் தன் முகத்தைக் கண்டுகொண்டது. இரவெல்லாம் நடைப்பிணங்களுக்கு அஞ்சிய நாம், பொழுது விடிந்ததும் உயிருள்ள மனிதருக்கே அஞ்ச வேண்டியவர்களாகிறோம்.

ஜாம்பி என்னும் எண்ணமும் அடிமைத்தனத்தின் வயிற்றில் பிறந்ததே. கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்து மடிந்த ஹெய்ட்டித் தீவின் நம்பிக்கை அது. சாவிலும் விடுதலை கிட்டாமல், எவனோ ஒருவனுக்காக மனமிழந்து உழைக்கும் உடலே ஜாம்பி. அமெரிக்கப் படை அத்தீவை ஆக்கிரமித்திருந்த 1915 முதல் 1934 வரையிலான காலத்தில்தான் அச்சொல் அமெரிக்கரிடையே பரவியது. 1932-இல் வந்த 'ஒயிட் ஜாம்பி' படத்தில், கரும்பாலையைச் சுற்றும் ஜாம்பிகளுள் ஒருவன் ஆலைக்குள் விழுந்துவிட, மற்றவர்கள் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் சட்டம் வந்த பின்பும், செங்கல் சூளைகளிலிருந்து ஒடிசாத் தொழிலாளர் மீட்கப்பட்ட செய்திகளைப் படித்துவந்திருக்கும் நம் திருவள்ளூர் மாவட்டத்தார்க்கு அக்காட்சி அயலானதன்று.

இனி மறுஆக்கங்களுக்கு வருவோம். முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: ரொமேரோவின் படமே முற்றிலும் புதியதன்று. ரிச்சர்ட் மாத்தசன் 1954-இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலிலிருந்து தாம் எடுத்துக்கொண்டதை அவர் ஒளிக்கவில்லை. எனவே மறுஆக்கம் என்பதனாலேயே ஒரு படத்தைத் தாழ்த்துவது பொருந்தாது. விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பை விட்டுவிட்டதால் 1968-ஆம் ஆண்டுப் படம் எவரும் எடுத்தாளத்தக்க பொதுச்சொத்தாகியது. உழைத்தவர்களுக்கு உரிய பணம் வரவில்லை. அக்குறையை ஓரளவு தீர்க்கவே 1990-இல் ரொமேரோ தாமே திரைக்கதை எழுத, ஒப்பனைக் கலைஞர் டாம் சவினி அதை வண்ணத்தில் மறுபடி இயக்கினார். வியட்நாம் போரில் இராணுவப் புகைப்படக்காரராக இருந்தவர் சவினி. அவருடைய பார்பரா, முதல் படத்தின் பார்பராவைப் போல உறைந்து போகிறவள் அல்லள், துணிந்து எழுகிறவள். விடிந்தபின் ஊர்க்கூட்டம் பிணங்களை மரத்தில் தொங்கவிட்டுச் சுட்டு விளையாடுவதைக் கண்டு, அவர்களுக்கும் நமக்கும் வேற்றுமை இல்லை என்று உணர்பவளும் அவளே. மூலத்தின் கேள்வியை இழக்காமல் புதிய குரலில் கேட்டதால், இதை நேர்மையான மறுஆக்கம் எனலாம்.

ரொமேரோவின் 'டான் ஆஃப் தி டெட்' 1978-இல் வந்தது. அதில் நடைப்பிணங்கள் பெரியதோர் அங்காடி வளாகத்தை நோக்கிக் கூட்டங்கூட்டமாக வருகின்றன. உயிரோடிருந்தபோது விரும்பிச் சென்ற இடம் அது என்ற மங்கிய நினைவே காரணம். நுகர்வு வெறியை இதனினும் கூர்மையாகப் பழித்த படங்கள் சிலவே. 2004-இல் சாக் சினைடர் அதை மறுஆக்கம் செய்தபோது, பிணங்கள் ஓடத் தொடங்கின. தொடக்கப் பகுதியைப் பாராட்டிய ரொமேரோ, போகப்போகப் படம் தான் எடுக்கப்பட்டதன் காரணத்தையே இழந்துவிட்டது என்று கருத்துரைத்தார். ஓடும் பிணங்களையும் அவர் ஏற்கவில்லை. இது கிழவரொருவரின் பிடிவாதம் அன்று. மெல்ல நடந்து வருபவனின் முகத்தைப் பார்க்க நமக்கு நேரம் இருக்கிறது. பாய்ந்து வருபவனோ வெறும் இலக்கு. வேகம் கூடக் கூட முகம் அழிகிறது. முகம் அழிந்த இடத்தில் துக்கத்துக்கு வேலை இல்லை. மாறாக, அதே 2004-இல் இங்கிலாந்தின் எட்கர் ரைட் நகைச்சுவையாக எடுத்த 'ஷான் ஆஃப் தி டெட்' படத்தை ரொமேரோ மனமாரப் பாராட்டினார். மறு ஆண்டு தம் படத்தில் அவ்வியக்குநரையும் நாயகனையும் ஜாம்பிகளாகத் தோன்றவும் வைத்தார். சிரிப்பினூடே தன் தாயை இழக்கும் மகனின் கண்ணீர் அதில் இருந்தது. ரொமேரோவின் 1985-ஆம் ஆண்டுப் படத்தில் இசை கேட்டு மெய்ம்மறந்து, தன்னைப் பேணிய மருத்துவர் இறந்ததற்காகத் துயருறும் 'பப்' என்னும் நடைப்பிணத்தை நினைவுகூர்வோர்க்கு, அவர் எதைப் போற்றினார் என்பது விளங்கும்.

இவ்வகைக் கதை நம் மண்ணில் ஊன்றும்போது புதியதொரு சிக்கல் எழுகிறது. திருத்தணிக்கு அண்மையில்தான் திருவாலங்காடு. அங்கே அழகுடலை வேண்டாமென்று துறந்து பேயுருவைக் கேட்டுப் பெற்ற காரைக்கால் அம்மையார், சுடுகாட்டைப் பாடினார். தம்மையே பேய் என்று அழைத்துக்கொண்டார். அதனை அடுத்த பழையனூரில் நீலியின் கதை வழங்குகிறது: கணவனால் கொலையுண்டவள், பேயாகத் திரும்பி வந்து ஊர்ச்சபையின் முன் வழக்குரைக்கிறாள். நம் பேய்களுக்குப் பாட்டு உண்டு, பெயர் உண்டு, வழக்கு உண்டு. ஜாம்பிக்கோ வாய் திறப்பது கடிக்க மட்டுமே. பேசும் பேய்க்குப் பழகிய மக்களிடம் பேசாப் பிணத்தை எப்படிக் கொண்டுவருவது?

தமிழில் 2016-இல் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'மிருதன்' இதற்கு விடைதேடிய முன்னோடி முயற்சி. உதகை மலையில் சிந்திய நச்சுத் திரவம் நாயின் வழியே மனிதரைத் தொற்றுகிறது. ஜெயம் ரவி ஏற்ற போக்குவரத்துக் காவலர், தாமும் கடியுற்று மெல்ல மாறிவரும் நிலையிலும் அன்புக்குரியவர்களைக் காக்க முனைகிறார். மனிதமும் மிருகமும் ஓருடலில் போரிடும் அப்பகுதியில் தமிழ் மனம் தன்னை அடையாளம் காண்கிறது. படத்தின் பெயரே அதைச் சொல்கிறது. ஆனால் மற்ற நூற்றுக்கணக்கானவர் யாருடைய பிள்ளைகள் என்ற நினைவு துப்பாக்கி ஓசையில் கரைந்துவிடுகிறது. நாயகனின் முகம் தப்பியது. ஊராரின் முகம் தப்பவில்லை. எல்லைக்கு அப்பால், பிரசாந்த் வர்மாவின் தெலுங்குப் படமான 'ஜாம்பி ரெட்டி' 2021-இல் வந்தது. இராயலசீமையின் குடும்பப் பகையை ஜாம்பித் தொற்றோடு முடிச்சிட்ட நகைச்சுவை அது. தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொள்வோரும் ஒருவகை நடைப்பிணங்களே என்ற குறிப்பு அதில் ஒளிந்துள்ளது. அதை இன்னும் சற்று ஊன்றிச் சொல்லியிருக்கலாம் என்பதே நம் மனக்குறை.

இவ்விரு படங்களுக்கும் இடைப்பட்ட 2020-ஆம் ஆண்டு, திரையில் கண்டதை நம் தெருவுக்கே கொண்டுவந்தது. 1960-இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது முதல், எல்லைக்கோட்டின் இருபுறமும் கொண்டு கொடுத்து வாழ்பவர் இப்பகுதி மக்கள். அவ்வாண்டு ஏப்ரலில் வேலூர் மாவட்டத்திலிருந்து ஆந்திரம் செல்லும் இரு சாலைகளின் குறுக்கே சுவரே எழுப்பப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் அகற்றப்பட்டது. அதே மாதத்தில் சென்னையில், கொரோனாவால் மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் மறித்தது. ஆம்புலன்ஸ் மீது கற்கள் விழுந்தன. நள்ளிரவில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரே மண்வெட்டி எடுத்துக் குழியை மூடினார். பிணம் நகரவில்லை, எவரையும் கடிக்கவுமில்லை. இருந்தும் அதைக் கண்டு உயிரோடிருந்தவர் மிருகமாயினர். ரொமேரோவின் இறுதிக் காட்சியை இதைவிடத் துல்லியமாக எவரும் மறுஆக்கம் செய்திருக்க இயலாது. திரையுலகைச் சேர்ந்த விஜயகாந்த் தம் கல்லூரி நிலத்தில் ஒரு பகுதியை அடக்கத்துக்குத் தர முன்வந்ததையும், அடக்கத்தைத் தடுப்போர்க்குச் சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டம் பிறந்ததையும் இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும்.

இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்றென நம் தாய்த் திருச்சபை போதிக்கிறது. தோபித்து, விருந்தில் அமர்ந்திருந்தவர், தெருவில் கிடந்த உடலைப் பற்றிக் கேட்டதும் உணவைத் தொடாமல் எழுந்து சென்றார். அண்டை வீட்டார் அவரை ஏளனம் செய்தனர். அவர் கண்டது பிணத்தையன்று, தம் இனத்தான் ஒருவனை. நவம்பர் 2 அன்று மெழுகுவர்த்தியும் மலரும் ஏந்திக் கல்லறைக்குச் செல்லும் நாமும் இதையே அறிக்கையிடுகிறோம்: மண்ணுக்குள் இருப்பவர் இன்னும் நம்மவர்.

ஆகவே இப்படங்களை எடைபோட நம்மிடம் ஓர் அளவுகோல் உண்டு. எத்தனை பிணங்கள் எழுந்தன, எத்தனை வேகமாய் ஓடின என்பதன்று அது. சுடுமுன் ஒரு கணம் கை நடுங்குகிறதா? விழுந்தவனுக்காக ஒருவரேனும் அழுகிறாரா? அவ்வாறு நடுங்கவும் அழவும் கற்றுத்தரும் படம், பழையதாயினும் மறுஆக்கமாயினும், நம்மை உயிருள்ளோர் பக்கம் நிறுத்துகிறது. மற்றவை நம்மை இருக்கையில் அமர்ந்த நடைப்பிணங்களாக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. தமிழில் அடுத்து இத்துறையில் இறங்கும் இளம் படைப்பாளியிடம் நாம் வேண்டுவது ஒன்றே: எழுந்து வரும் பிணத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள். பழையனூரும் திருவாலங்காடும் உள்ள நாட்டில் அது அரிய செயலன்று.