திராட்சைச் சத்துக்கு நானோ வண்டி எதற்கு?

பழங்களில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்களை நானோ துகளுக்குள் அடைத்துக் கொடுத்தால் பலன் கூடும் என்று சொல்லும் ஆய்வுக்கட்டுரைகளைக் கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். திராட்சை, மாதுளை, ப்ளூபெர்ரி என்று பழம் மாறும், முன்னுரை மாறாது. அதைச் சுருக்கினால் மூன்றே வாக்கியம்தான். இந்தச் சத்து உடம்புக்கு நல்லது. ஆனால் உடம்பில் சேர மாட்டேங்குது. நாங்கள் சேர வைத்துவிட்டோம்.

இரண்டாவது வாக்கியம் பெருமளவு உண்மை. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ராலையே எடுத்துக்கொள்வோம். 2004இல் அமெரிக்காவில் ஆறு பேருக்கு 25 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். குறைந்தது 70 சதவீதம் குடலில் உறிஞ்சப்பட்டது. ஆனால் மாறாத வடிவில் இரத்தத்தில் இருந்தது ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்கும் குறைவு. மீதி எங்கே போச்சு? குடலும் கல்லீரலும் அதன்மேல் சல்ஃபேட், குளுக்குரோனிக் அமிலம் போன்றவற்றை ஒட்டவைத்து, சிறுநீர் வழியாக அனுப்பிவிட்டன. தெரியாத வேதிப்பொருள் எது வந்தாலும் உடம்பு இப்படித்தான் நடத்தும்.

இங்கேதான் நானோ வருகிறது. அறுவை சிகிச்சையில் தானாகக் கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பாலிமர் வகை, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் போன்றவற்றால் சில நூறு நானோமீட்டர் அளவில் உறை செய்து, சத்தை உள்ளே வைக்கிறார்கள். உறை சத்தைச் சிதையாமல் காக்கும், மெதுவாக வெளியே விடும். எலிகளின் இரத்தத்தில் அளவு பல மடங்கு கூடுகிறது. இந்தப் பொறியியலில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் "பல மடங்கு" என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். அரை சதவீதம் ஐந்து மடங்கானாலும் இரண்டரை சதவீதம்தான்.

என் புகார் முதல் வாக்கியத்தின் மேல். "நல்லது" என்பதற்கு என்ன சாட்சி காட்டுகிறார்கள்? பெரும்பாலும் டிபிபிஎச் சோதனை. ஊதா நிறக் கரைசலில் பழச்சாற்றை விட்டால் மஞ்சளாகும். எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் திறன். அழகான சோதனைதான், ஆனா அந்தச் சோதனைக் குழாய்க்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. இதே மாதிரிக் குழாய்ச் சோதனையில் வந்த எண்களை உணவு வாரியாகப் பட்டியல் போட்டிருந்த அமெரிக்க வேளாண் துறை, 2012இல் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்த எண்களுக்கும் உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, கம்பெனிகளோ அதை வைத்து விளம்பரம் செய்துகொண்டிருந்தன.

சரி, இரத்தத்தில் நிஜமாகவே அளவு கூடினால்? அதையும் மனிதர்களிடம் பார்த்தாச்சு. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கேரட்டுக்கும் மாம்பழத்துக்கும் நிறம் தரும் பீட்டா கரோட்டினை ஒரு பகுதியினருக்கு தினம் 20 மில்லிகிராம் மாத்திரையாகக் கொடுத்தார்கள். மாத்திரை வேலை செய்தது, இரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறியது. 1994இல் முடிவு வந்தபோது, அந்த மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வையும் இதே காரணத்தால் 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

புகைபிடிப்பவர்களின் பீட்டா கரோட்டினும் திராட்சையின் ரெஸ்வெராட்ராலும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ரெஸ்வெராட்ரால் புற்றுநோய் தரும் என்றும் நான் சொல்லவில்லை. "இரத்தத்தில் கூடினால் நன்மையும் கூடும்" என்ற அந்த ஒரு தாவல்தான் செல்லாது என்கிறேன். நானோ கட்டுரைகள் முழுக்க அந்தத் தாவலின் மேல்தான் நிற்கின்றன.

இன்னொன்று. "உறிஞ்சப்படவில்லை" என்றாலே "வீண்" என்று இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மாதுளையின் எல்லாஜிடானின்களை எடுத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போவதால்தான் அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாற்றுகின்றன, அது இரத்தத்தில் சேர்கிறது. எல்லோருடைய குடலிலும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை. பழத்தின் பலன் இந்த வழியில் வருவதாக இருந்தால், மேலேயே உறிஞ்ச வைக்கும் வண்டி பாக்டீரியாவின் சோற்றில் அல்லவா கை வைக்கிறது?

இதற்காக நானோவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சாயம் வெளிறாமல் இருக்கவும், மருந்தைக் குறிப்பிட்ட இடத்தில் சேர்க்கவும் அது உதவும். கொழுப்பில் கரையும் சத்துகளுக்கும் பொருந்தும். ஆனால் அங்கேயும் போட்டிக்கு ஆள் இருக்கிறது. தக்காளியை எண்ணெயில் வதக்கினால் செல் சுவர் உடைந்து லைகோபீன் வெளியே வரும். பித்தநீர் அதைச் சில நானோமீட்டர் அளவுள்ள மைசெல்களில் ஏற்றிக் குடல் சுவர் வரை கொண்டுபோகும். அந்த வண்டி நமக்கு இலவசம்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரையோ பாட்டில் விளம்பரமோ கண்ணில் பட்டால் மூன்று விஷயம் தேடிப் பாருங்கள். சோதித்தது மனிதரிலா, எலியிலா, குழாயிலா? அளந்தது இரத்தத்தில் உள்ள அளவையா, இரத்த அழுத்தம் மாதிரி ஆரோக்கியம் சார்ந்த ஒன்றையா? ஒப்பிட்டது உறையில்லாத பொடியோடா, முழுப் பழத்தோடா? மூன்றாவது ஒப்பீட்டைச் செய்த கட்டுரையைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கண்ணில் பட்டால் அனுப்புங்கள்.