மறுப்புக் கட்டுரை

தாம்பரத்தில் படிக்கும் மாணவர் ஒருவர், போன மாதம் குரோம்பேட்டையில் என் வீட்டுக்கு ஒரு கட்டுரையுடன் வந்தார். பாரதியைப் பற்றிப் பத்திரிகையில் யாரோ வெளியிட்ட அபிப்பிராயத்துக்கு இவர் எழுதிய மறுப்பு. எட்டுப் பக்கம். ஐந்து பக்கம் அதை எழுதியவரைப் பற்றி. இரண்டு பக்கம் தம்முடைய மனவருத்தத்தைப் பற்றி. பாரதிக்குக் கிடைத்தது மீதி ஒரு பக்கம். அதிலும் பாதியை அடிக்குறிப்புகள் எடுத்துக்கொண்டுவிட்டன.

"ஆராய்ச்சிக் கட்டுரை மாதிரி இருக்கிறதா, சார்?" என்று கேட்டார்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருபது வருஷத்துக்கு முன் நானும் இப்படி ஒரு மறுப்பு எழுதி, நண்பர்களிடம் சபாஷ் வாங்கியவன்தான். சமீபத்தில் எடுத்துப் படித்தேன். கோபம் இருக்கிறது, எதற்காகக் கோபம் என்பது எனக்கே விளங்கவில்லை.

இந்தக் காரியத்தைச் சரியாகச் செய்ததற்குத் தமிழில் ஓர் உதாரணம் உண்டு. அதுவும் பாரதியைப் பற்றியதுதான். 1930களின் நடுவில் வ. ரா. பாரதியை மகாகவி என்று உரக்கச் சொன்னார். ஆனந்த விகடனில் இருந்த கல்கி, தேசிய கவி என்பது சரி, மகாகவி என்று சொல்லலாமா என்று கேட்டார். பெரிய சண்டை மூண்டது. அதற்கு விடையாக கு. ப. ராஜகோபாலனும் சிட்டியும் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகள் 1937ல் 'கண்ணன் என் கவி' என்ற நூலாயின. கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்ததும் அதே வருஷம்தான்.

பாரதி தேசத்துக்காகக் கஷ்டப்பட்டான், ஆகையால் மகாகவி என்று அவர்கள் உருகியிருந்தால் விஷயம் அத்துடன் முடிந்திருக்கும். கவிதை என்றால் என்ன, மகாகவிக்கு அளவுகோல் எது என்று கேட்டுக்கொண்டு, பாரதியின் நூல்களுக்குள்ளேயே போனார்கள். சில இடங்களில் பரவசம் வாதத்தை முந்திக்கொள்கிறது என்பது என் எண்ணம். இருந்தாலும் சண்டை ஓய்ந்த பின்பும் அந்தப் புஸ்தகம் நிற்கிறது.

கல்கியைப் பாரதியின் விரோதி என்று யாராவது எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் எழ முன்னின்று உழைத்தவரே அவர்தான். 1947ல் அது திறக்கப்பட்டது. கட்சி கட்டி எழுதியவன் அன்று தலை குனிந்திருப்பான். மகாகவி என்ற சொல்லைப் பற்றி எழுதியவனுக்கு அந்தச் சங்கடம் இல்லை. சொல்லப்போனால், கல்கி கேட்டிராவிட்டால் அந்த நூலே பிறந்திருக்காது. மறுக்கிறவன் மறுக்கப்படுகிறவனுக்குக் கடன்பட்டவன்.

மாணவரிடம் ஒன்றுதான் சொன்னேன்: "முதல் பக்கத்தை மட்டும் திரும்ப எழுதுங்கள், தம்பி. அவர் சொன்னதை, 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள்."

இரண்டு வாரம் கழித்து வந்தார். முகம் வாடியிருந்தது. "அப்படி எழுதிப் பார்த்தால், பாதி விஷயத்தில் அவர் சொல்வது சரி என்று படுகிறது, சார்."

"அந்தப் பாதியை ஒப்புக்கொண்டுவிட்டு, மற்றப் பாதியை எழுதுங்கள்" என்றேன்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். மூன்று பக்கத்துக்கு மேல் வராது போலிருக்கிறது.