செவிவழித் தேரோட்டம்

விளையாட்டினையும் ஆக்கக் கலைகளுள் ஒன்றாகக் கொள்ளுமிடத்து, அதனைத் திறனாயும் கடப்பாடும் உடனெழுகின்றது. காவியத்தையும் நாடகத்தையும் நுணுகி அளக்கும் திறனாய்வாளர், விழிப்புலனற்றோர் பொருட்டு ஆக்கப்பட்ட விளையாட்டொன்றைக் காணும்போது மட்டும் அளவுகோலைக் கீழே வைத்துவிடுகின்றனர். "நன்முயற்சி" என்னும் ஒரு சொல்லோடு அவர்தம் பணி முடிந்துவிடுகின்றது. இரக்கத்தின்பாற் பிறந்த இச்சொல் பாராட்டுப் போலத் தோன்றினும், ஆடுவோரின் சுவையுணர்வையும் அறிவையும் குறைத்து மதிப்பதேயாகும். கட்புலனுடையோர் சலிப்பெனத் தள்ளும் ஒன்று விழிப்புலனற்றோர்க்கும் சலிப்பே.

கைத்தொலைபேசியில் ஒலியொன்றையே துணையாகக் கொண்டு ஆடப்படும் மோட்டார்ப் பந்தய விளையாட்டுக்களை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடைத்து. பந்தயமாவது, தொலைவிற் கிடப்பதை முன்னரே உணர்ந்து, அதற்கேற்ப வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், வளைவினுள் நுழையும் வழியைத் தானே தேர்ந்து ஓடுங் கலை. ஆகவே இவ்விளையாட்டுக்களை நோக்கி எழுப்பவேண்டிய வினா ஒன்றே: ஆடுவோர் வண்டியைச் செலுத்துகின்றனரா, அன்றி ஏவியதைச் செய்கின்றனரா?

இவை தோன்றுவதற்கு முன்னர்த் தடையொன்று நீங்கவேண்டியிருந்தது. பொத்தான்கள் அமைந்த பழைய கைத்தொலைபேசியை விரலால் தடவி அறியலாம். வழுவழுப்பான கண்ணாடித் திரையிலே தடவி அறிய ஏதுமில்லை. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஐபோன் 3ஜிஎஸ்' என்னும் கருவி, 'வொய்ஸ்ஓவர்' என்ற திரைவாசிப்பு ஏற்பாட்டினைத் தன்னகத்தே கொண்டு வந்தது. விரல் தொட்ட இடத்தில் உள்ளதைக் குரலொன்று வாசிக்கும். இருமுறை தட்டினால் அது செயற்படும். கடிதம் படிப்பதற்கும் நண்பரை அழைப்பதற்கும் இது போதும். ஆனால் தொட்டு, கேட்டு, பின்னர்த் தட்டும் அந்நிதானம் பந்தயத்துக்கு ஒவ்வாது. விளையாட்டை ஆக்குவோர் வேறு வழி தேடவேண்டியவராயினர்.

அவ்வழியை அறியுமுன் செவியின் இயல்பை அறிதல் வேண்டும். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின்படி வகுக்குமிடத்துக் கண்ணை நான்காவதாகவும் செவியை ஐந்தாவதாகவும் வைக்கின்றது. அவ்வரிசைக்குக் காரணம் எதுவாயினும், செவியின் நுண்மை வியத்தற்குரியதே. பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒரு செவியை அடைந்தபின் மற்றைச் செவியை அடையக் கழியும் காலம், ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கினுங் குறைந்தது. இக்கால வேறுபாட்டையும், இரு செவிகளிலும் ஒலியின் வன்மை வேறுபடுதலையும் கொண்டே மனிதர் திசையை உணர்கின்றனர் என்பதை ரேலி பிரபு 1907இல் விளக்கினார். ஆயின், நேர் முன்னே எழும் ஒலிக்கும் நேர் பின்னே எழும் ஒலிக்கும் இவ்வேறுபாடுகள் இல்லை. அன்றாட வாழ்விலே தலையைச் சற்றுத் திருப்பி ஐயந் தீர்க்கலாம். சாதாரண ஹெட்போன் அணிந்தவர் தலையைத் திருப்பினாலோ, கேட்கும் உலகமும் உடன் திரும்பிவிடும். முன்னே ஓடும் வண்டியும் பின்னே துரத்தும் வண்டியும் செவிக்கு மயங்குவது இதனாலேயே.

மயக்கம் இன்னொரு வகையானும் நேரும். குடத்தில் நீர் முகக்கும் ஓசையை யானை நீர் பருகும் ஓசையெனக் கொண்டு தயரதன் அம்பெய்த கதை யாவரும் அறிந்தது. செவி இடத்தைப் பிழையின்றிக் காட்டிற்று, பொருளைக் காட்டவில்லை. மாண்டவன் விழிப்புலனற்ற தாய்தந்தையரின் மகன் என்பது அக்கதையின் கொடுமை. ஒலிப் பந்தயத்தை ஆக்குவோரும் 'எங்கே' என்பதோடு 'யாது' என்பதற்கும் விடை தருதல் வேண்டும். அதனையும் வண்டி விரையும் பொழுதிலேயே தருதல் வேண்டும்.

அமெரிக்கரான மார்ட்டி ஷூல்ட்ஸ் 2014ஆம் ஆண்டளவில் வெளியிட்ட 'பிளைன்ட்போல்ட் ரேசர்' என்னும் விளையாட்டு இவ்விடர்ப்பாட்டை எளிய முறையொன்றாற் கடந்தது. ஆடுவோர் கைத்தொலைபேசியையே வண்டியின் சுக்கானாகப் பிடித்துத் திருப்புவர். திரையைத் தொடவேண்டிய தேவையே எழாமையால், மேற்கூறிய தடை அடியோடு நீங்கியது. இசையொன்று இரு செவிகளிலும் ஒலித்துக்கொண்டிருக்கும். வண்டி வீதியின் நடுவிலிருந்து விலகுமாயின் இசையும் ஒரு பக்கம் சாயும். அதனைச் சமனாக வைத்திருப்பதே செலுத்துந் திறன். வீதியிற் குறுக்கிடும் விலங்குகளை அவற்றின் குரல் கேட்டு விலக்கவும், பரிசுகளை நாடிச் செல்லவும் வேண்டும். விலங்கின் குரல் இடத்தையும் பொருளையும் ஒருங்கே உணர்த்துவதால், தயரதனுக்கு நேர்ந்த பிழை ஈண்டு நேராது. இசையை அழகுக்காக வைக்காது வீதியாகவே ஆக்கியமை போற்றத்தக்கது.

எனினும் குறையொன்று உண்டு. சாய்ந்த இசை, நேர்ந்துவிட்ட விலகலையே கூறும். வரவிருக்கும் வளைவைக் கூறாது. ஆடுவோர் பிழையைத் திருத்திக்கொண்டே போகின்றனர். முன்னுணர்ந்து திட்டமிடுவதற்கு இடம் குறைவு. கயிற்றின் மேல் நடப்போனது திறன் இது. தேரோட்டியின் திறன் வேறு.

'லோ-ஃபை பீப்பிள்' என்னும் குழுவினர் 2021இல் வெளியிட்ட 'பிளைன்ட் டிரைவ்' மேலும் புகழ்பெற்றது. பணத்துக்காகச் சோதனையொன்றுக்கு உடன்பட்ட டொனி என்பவனின் கண்ணைக் கட்டி, கையைச் சுக்கானோடு பிணைத்து, எதிரே வரும் வாகனங்களின் ஊடே வண்டியைச் செலுத்தச் செய்கின்றனர். இடம், வலம் என இரண்டே அசைவுகள். நடிப்பும் நகைச்சுவையும் சிறந்தவை. எதிர்வரும் வாகனம் செவியருகே சீறிப் பாயும் ஓசை உடலை நடுங்கச் செய்வது. எழுத்தின் தரத்தில் ஈண்டு நோக்கும் விளையாட்டுக்களுள் இதற்கே முதலிடம் தரல் தகும்.

ஆயினும் டொனி விழிப்புலனற்றவன் அல்லன், கண் கட்டப்பட்டவன். இரண்டும் ஒன்றல்ல. கட்டை அவிழ்த்தால் தீர்ந்துவிடும் இருள் அவனது. கதையின் நகைச்சுவை முழுவதும் கண்ணுள்ளான் ஒருவன் திடீரெனக் கண்ணிழந்த திகைப்பின் மீதே எழுந்துள்ளது. செவிவழி வாழ்ந்து பழகியவர்க்குச் செவிவழி ஓடுதல் திகைப்பன்று. அது நாள்தோறும் அவர் செய்யுந் தொழில். அன்றியும், வேகத்தைத் தணிப்பதோ வளைவுக்கு வழி தேர்வதோ இதில் இல்லை. விலகித் தப்புதலே உண்டு. இது நல்ல நாடகம், பந்தயமன்று.

பந்தயத்தின் உயிர்நாடியைத் தொட்டது வேறோரிடத்தில் நிகழ்ந்த முயற்சி. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் ஸ்மித், ஸ்ரீ நாயர் என்போர் 2018இல் ஓர் ஒலி ஏற்பாட்டினை அறிமுகப்படுத்தினர். அதன் கூறுகள் இரண்டு. ஒன்று, வண்டியின் வேகத்தையும் அது செல்லும் போக்கையும் இடையறாது உணர்த்துவது. மற்றையது, வரவிருக்கும் வளைவின் திசை, கடுமை, நீளம், அது வருங் காலம் ஆகிய நான்கினையும் முன்கூட்டியே உணர்த்துவது. இரண்டாவது கூறே முக்கியமானது. 'இடப்பக்கம் திரும்புக' என்பது ஏவல். 'இடப்பக்கம் கடுமையான நீண்ட வளைவு வருகின்றது' என்பது செய்தி. முன்னதைக் கேட்டவர் கீழ்ப்படிவர். பின்னதைக் கேட்டவர் எங்கே வேகத்தைத் தணிப்பது, எங்கே திரும்பத் தொடங்குவது என எண்ணித் துணிவர். ஒரே வளைவை இருவர் இருவேறு விதமாக எடுத்தல் அப்போதுதான் இயலும்.

அங்ஙனமாயின் அது பிறர் துணையால் ஓடுவதாகாதோ எனச் சிலர் வினவக்கூடும். ராலி என்னும் மோட்டார்ப் பந்தயத்தைக் கண்டோர் அவ்வாறு வினவார். அங்கே கட்புலனுடைய சாரதியும் செவியை நம்பியே ஓடுகின்றார். அருகிலிருக்கும் துணைவர் வளைவின் கடுமையை எண்ணாற் குறித்த ஏட்டினை வாசித்துக்கொண்டே வருவார்; கண்ணுக்கு எட்டாத திருப்பத்தைச் சாரதி அச்சொல்லாலேயே அறிந்து பாய்கின்றார். அவரை ஏவலாளர் என எவருங் கருதுவதில்லை.

சொல்லாற் கூறுவதிலும் இடர் உண்டு. மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் விரையும் வண்டி ஒரு செக்கனில் 50 மீற்றர் கடக்கும். நீண்ட சொற்றொடர் முடியுமுன் வளைவு வந்துவிடும். கம்பியில்லா ஹெட்போனில் ஒலி ஐந்திலொரு செக்கன் பிந்துமாயின், வண்டி 10 மீற்றர் ஓடிய பின்னரே செய்தி செவியை எட்டும். ஆகவேதான் குறிப்பொலிகள் சொல்லினும் ஏற்றமுடையனவாகின்றன. இச்சிறு கணக்கைப் புறக்கணித்த விளையாட்டிலே ஆடுவோர் தம் கைத்திறனையே நொந்துகொள்வர், குற்றமோ கருவியினது.

2023 ஒக்டோபரில் வெளிவந்த 'போர்சா மோட்டார்ஸ்போர்ட்' இக்கருத்தினைப் பெருவிளையாட்டொன்றினுள் கொண்டுவந்தது. வளைவு நெருங்குதல், வேகந் தணித்தல், ஓடுபாதையின் எல்லை முதலியவற்றுக்குத் தனித்தனி ஒலிகள் உள. ஆடுவோர் வேண்டியதை வைத்து வேண்டாததை நீக்கலாம். விழிப்புலனற்றவரான பிரண்டன் கோல் அதன் ஆக்கத்திலே ஆலோசகராகப் பங்குகொண்டார். அவர் 2024இல் மறைந்தார். கட்புலனுடையோர் ஆடும் அதே வண்டி, அதே பாதை, அதே எதிராளி. 'நன்முயற்சி' என்னும் சொல்லுக்கு இங்கே வேலையில்லை.

ஆனால் அது கைத்தொலைபேசிக்கு வந்ததன்று. எக்ஸ்பொக்ஸையும் கணினியையும் நோக்கியே ஆக்கப்பட்டது. கொலம்பியாவினரின் ஏற்பாடும் விளையாட்டுக் கைப்பிடியுடன் ஆடவே அமைந்தது. கடிதம் வாசிக்கவும் வழி அறியவும் விழிப்புலனற்ற இளைஞர் ஏற்கெனவே வைத்திருக்கும் கருவியோ கைத்தொலைபேசி. அதற்கென வந்த மேற்கூறிய இரு விளையாட்டுக்களும் முன்னுணரும் உரிமையை அவருக்கு வழங்கவில்லை. சிறு திரையைக் காரணங் காட்டுதல் பொருந்தாது. திரை இங்கே தேவையே இல்லை. சாய்த்துத் திருப்பும் வசதி அதில் உண்டு. இரு செவிகளுக்கும் வெவ்வேறு ஒலி அனுப்பும் ஆற்றலும் உண்டு. போதாததற்கு அதிரவும் வல்லது. பாதையின் ஓரத்தை உள்ளங்கையின் அதிர்வுக்கு விட்டுவிட்டால், வளைவுக்கும் எதிராளிக்கும் செவி மிஞ்சும். பின்னே வருபவனின் எந்திரவோசையை மங்கலாக்கி, முன்னே ஓடுபவனதைத் தெளிவாக வைத்தால், முன்பின் மயக்கமும் பெரும்பாலும் தீரும்.